நாலு மருதங்கன்று

மருதம் என்றால் வயலும் வயல் சார்ந்த இடமும். ஏ.எல் சோதனைக்கு இதைப் பாடமாக்கித் தமிழில் ஏ எடுத்த ஆக்கள் நாங்கள். ஆனால் மருதமரத்தைக் காட்டச் சொன்னால் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மருதங்கேணி, மருதமுனை எண்டு ஊர்ப் பெயர்களில் இருந்தும் தெரியாது.

தெரிய வந்தது மரம் போன பிறகுதான். எங்கட நண்பி ஒருத்தியின் ஊர் வன்னியில். லீவுக்கு அங்கே போய் நின்றபோது, குளத்தில் நின்ற பெரிய மருதை யாரோ இரவோடு இரவாகத் தறித்து ஏற்றிவிட்டார்கள். விடியப் போய்ப் பார்த்தோம். கூடு இழந்த நீர்க்காகங்கள் குளத்துக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தன. படம் எடுத்து ஃபேஸ்புக்கில் கோபமாக எழுதினோம். இருநூறு லைக் வந்தது. அடிக்கட்டை அப்படியே கிடந்தது.

பிறகுதான் தேடி வாசித்தோம், ஊராக்களிட்டயும் கேட்டோம். மாரியில் அடி மூழ்கினாலும் மருது சாகாது. வேர்களுக்கிடையில் மீன்குஞ்சுகள் ஒளிக்கும். பூவுக்குத் தேனீ வரும். கிளையில் கொக்கு கூடு கட்டும், வௌவால் தொங்கும். காற்றைத் தடுத்துக் குளத்துநீர் ஆவியாவதையும் குறைக்கும்.

அதன் காய்க்கு ஐந்து செட்டை. தண்ணியில் மிதந்துபோய்ப் புது இடம் பிடிக்கும். நாற்பது காய் பொறுக்கி, ஊறவைத்து, யோகட் கோப்பைகளில் போட்டோம். கிழமைக்கணக்காய் ஒன்றுமில்லை. கைவிடப் போன நேரம் பதினேழு முளைத்தது.

மாரி தொடங்கக் குளக்கட்டில் வரிசையாக நட்டோம், படத்துக்கு வடிவாக இருக்குமெண்டு. அந்த வழியால் வந்த கமக்கார ஐயா ஒருவர் சைக்கிளை நிற்பாட்டினார். “பிள்ளையள், கட்டில வைக்காதேங்கோ. நாளைக்கு மரம் சரிஞ்சா கட்டும் போயிடும். மேல்பக்கமா, தண்ணி வந்து வத்திற இடமாப் பாத்து வையுங்கோ.”

கிண்டி எடுத்து மாற்றி நட்டோம். மாடு தின்றது பாதி, கோடையில் கருகியது மீதி. சுற்றி அலம்பல் அடைத்த நாலு மட்டும் தப்பியது.

அடுத்த வருசம் எங்கட பட்டப்படிப்பு முடிந்துவிடும். ஆளுக்கொரு திசை போவோம். இப்போதும் தண்ணி ஊற்றுவது நண்பியின் தம்பிதான். போன கிழமை கோல் எடுத்தான்.

“அக்கா, இலையை மயிர்க்கொட்டி தின்னுது. மருந்தடிக்கவோ?”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த எல்லாரும் ஒரேயடியாகக் கத்தினோம்: “வேண்டாமடா, விடு!”

எங்கட மரத்தைத் தேடி வந்த முதல் ஆள் அது.