வாயுள்ள கல்

பிப்ரவரி 9

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் காகிதத்தில் சுற்றி ஒரு கல் கொண்டுவந்தான். பெரம்பலூர் மாவட்டம் காரையில் மாமா வீட்டுக்குப் போனபோது ஓடையில் எடுத்ததாம். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரியது. பிளந்திருந்தது; உள்ளே குடைந்தெடுத்தது போல ஒரு குழி. குழியின் சுவரெல்லாம் சுருள் வரிகள்.

"யாரு சார் இவ்வளவு நுணுக்கமா செதுக்கினது?"

லென்ஸ் வைத்து இருவரும் பார்த்தோம். உளி பட்ட தடம் எங்குமே இல்லை. நடுவில் நெருக்கமாகத் தொடங்கும் வரிகள் வெளியே வரவர ஒரே கணக்கில் அகன்றுகொண்டே போகின்றன. வளர்கிற உயிர் போடும் கணக்கு அது. அம்மோனைட், கணவாய்க்கு உறவான ஓடுள்ள கடல் பிராணி. காரையும் அரியலூரும் கடலடியில் இருந்த சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அது செத்துச் சேற்றில் புதைந்திருக்கிறது. உடல் அழுகியபோது சுற்றியிருந்த சேறு மட்டும் முன்னதாக இறுகி உருண்டையாகிவிட்டது. பிறகு நிலத்தடி நீர் ஓட்டைக் கரைத்துக்கொண்டு போனது. ஓடு இருந்த இடம் குழியாக, அதன் அச்சோடு நின்றுவிட்டது.

பையன் வெகுநேரம் குழிக்குள் விரல் வைத்திருந்தான். ஓடையில் எந்த இடம், கரையிலா அடியிலா என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை. எனக்கு அதுதான் வருத்தம். அந்தப் பகுதியின் அம்மோனைட்டுகளைப் புவியியலாளர் ஸ்டோலிச்கா 1860-களிலேயே விவரித்து எழுதிவிட்டார். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரிந்தால்தான் கல் பேசும்.

பிப்ரவரி 10

இரவெல்லாம் அத்தையின் பூஜை அலமாரி நினைவு. காலையில் போய்ச் சாளக்கிராமத்தைக் காட்டச் சொன்னேன். குளித்துவிட்டு வந்தாயா என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தாள். வழவழப்பான கரிய கல், ஒரு பக்கம் வாய், வாய்க்குள் சக்கரம். வஜ்ரகீடம் என்னும் புழு குடைந்தது என்பாள். நேபாளத்தில் முக்திநாத் பக்கம் காளி கண்டகி ஆறு அரித்துக் கொண்டுவரும் கல். சக்கரம், அம்மோனைட்டின் சுருள். காரைக் கல்லைவிடவும் பழையது. இமயம் எழும்புவதற்கு முன் அங்கே கிடந்த கடலின் சேறு.

தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அத்தை துளசியைச் சாத்திக்கொண்டே, "பெருமாள் கடல்லதானேடா படுத்துண்டிருக்கார்" என்றாள். நான் மேலே ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

மார்ச் 16

ஏற்காடு. மலைக் கிராமம் ஒன்றில் மரத்தடிப் பிள்ளையார். பக்கத்தில் எண்ணெயும் குங்குமமும் பூசிய ஏழு கற்கள். பூசாரியிடம் கேட்டு ஒன்றைக் கையில் வாங்கினேன்.

"தானா மண்ணுல இருந்து வந்த சாமிங்க. யாரும் செய்யல" என்றார்.

உள்ளங்கை நீளம். ஒரு முனை கூம்பு, மறுமுனை அகன்ற வாய். ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டியதும் உடம்பு சிலிர்த்தது. இரண்டு முகமும் ஒரே சரிவில் இறங்கி ஒரு கோட்டில் சந்திக்கின்றன. ஆறு உருட்டிய கல் எல்லாப் பக்கமும் மழுங்கும். இப்படி ஓர் ஓரத்தை மட்டும் கூராக்காது. புதிய கற்காலத்துக் கற்கோடரி. கல்லைச் செதுக்கி, கொத்திச் சமப்படுத்தி, பாறையில் நீர்விட்டுத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறார்கள். எத்தனை நாள் உழைப்போ! மழைக்குப் பின் உழும்போது இன்னமும் கிடைக்குமாம். கிடைத்தால் நேரே இங்கே கொண்டுவந்து வைத்துவிடுவார்களாம். அந்த வழக்கம் இல்லாவிட்டால் இவை எந்தச் சுவரின் அடியிலோ போயிருக்கும்.

செதுக்கியது என்று பையன் நம்பியதை யாரும் செதுக்கவில்லை. தானாக வந்தது என்று பூசாரி நம்புவதை ஒருவர் உட்கார்ந்து செய்திருக்கிறார். பூசாரியிடம் அதைச் சொன்னேன். "அப்ப எங்க பாட்டன் பூட்டன் செஞ்சதுங்களா?" என்று கேட்டு, கல்லை என் கையிலிருந்து வாங்கித் தானும் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

படம் எடுத்தேன், இடம் குறித்தேன். கற்கள் அங்கேயே இருக்கின்றன.

மார்ச் 18

பையனின் மாமா போனில் பேசினார். ஞாயிற்றுக்கிழமை ஓடையைக் காட்டுகிறாராம். பையன் நோட்டும் அளவு நாடாவும் வாங்கி வைத்துவிட்டான்.