சித்தி வாங்கித் தந்த சைக்கிள் சவாரி

முதலிலேயே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். நான் ரோம் போனது என் காசில் இல்லை. பி.காம். இரண்டாம் வருஷம் முடித்தவனிடம் ஏது காசு? விமான டிக்கெட், விசா கட்டணம், போட்டுக்கொண்டு போன ஷூ எல்லாமே சித்தி கணக்கு. காலேஜ் ஃபீஸும் சித்தி கணக்குதான். "ஓசியில ஊரைச் சுத்திட்டு வந்து பீலா விடறான்" என்று நம்ம வகுப்பில் சிலர் சொல்வதாகக் கேள்வி. உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன் :-)

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. பதினெட்டு வருஷமாக ரோமில் இருக்கிறார். வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இப்போது இருப்பது மூன்றாவது வீடு. அந்த வீட்டுப் பாட்டியை 'நோன்னா' என்று கூப்பிடுகிறார் (இத்தாலியில் பாட்டிக்கு அதுதான் சொல்). இப்படி வீட்டோடு தங்கி வேலை செய்பவர்களுக்கு வழக்கமாக வியாழக்கிழமை மதியத்துக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும்தான் லீவு.

2025 மே மாதம் நான் போய் இறங்கிய முதல் ஞாயிறு, சித்தி என்னைக் கொலோசியத்துக்கு முன்னால் நிறுத்தி போட்டோ எடுத்தார்.

"உள்ள போவோமா சித்தி?"

"நான் போனதில்ல மக்களே. நீ வேணும்னா போயிட்டு வா, நான் இங்க நிக்கேன்."

பதினெட்டு வருஷம்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வியாழக்கிழமை மதியம் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வீட்டுக்குப் பணம் அனுப்பப் போவார், கூட வேலை செய்யும் ஊர்க்காரப் பெண்களைப் பார்ப்பார், திரும்புவார். அவ்வளவுதான்.

அடுத்த நாள் சித்தி ஒரு காகிதத்தை நீட்டினார். அப்பியா சாலையில் வழிகாட்டியோடு இ-பைக் சவாரி, வியாழன் காலை, ஒரு ஆளுக்கு. நோன்னாவின் பேத்தி போய்விட்டு வந்து நன்றாக இருந்தது என்றாளாம். விலையைப் பார்த்தேன். சித்தியின் ஒரு நாள் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட வந்தது. "நீங்களும் வாங்களேன்" என்றதற்கு, "காலைல நோன்னாவ யாரு பாப்பா? எனக்கு முட்டு வேற வலி" என்று முடித்துவிட்டார்.

இ-பைக் என்றதும் நம்ம ஊர் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் மாதிரி காதைத் திருகினால் பறக்கும் என்று நினைத்துப் போனேன். ஹி ஹி. அதில் திருகுவதற்கு ஒன்றுமே இல்லை. சாதாரண சைக்கிள் மாதிரி மிதிக்க வேண்டும். மிதிக்கும்போது மட்டும் மோட்டார் கூடச் சேர்ந்து தள்ளும். காலை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். ஐரோப்பியச் சட்டப்படி மோட்டார் 250 வாட்டைத் தாண்டக்கூடாது, வேகம் 25 கி.மீ. வந்ததும் உதவியை நிறுத்திக்கொள்ள வேண்டும். வழிகாட்டி ஒரு இளம் பெண், தொல்லியல் படித்தவர். "நீங்கள் சோம்பேறியாக இருந்தால் இதுவும் சோம்பேறி" என்று ஆரம்பித்தார். எங்களோடு எட்டுப் பேர். பாதிப் பேர் அறுபது தாண்டியவர்கள்.

சர்க்கஸ் மாக்சிமஸ் பக்கத்தில் கிளம்பி, கரகல்லா குளியல் மண்டபங்களின் இடிபாடுகளைத் தாண்டி, ஆரேலியன் மதிலில் உள்ள சான் செபாஸ்தியானோ வாசல் வழியாக வெளியே வந்தோம். வாசலுக்கு வெளியே தொடங்குவதுதான் பழைய அப்பியா சாலை. கி.மு. 312-ல் ஆப்பியஸ் கிளாடியஸ் என்ற அதிகாரி தொடங்கியது. முதலில் காப்புவா நகரம் வரை, அப்புறம் நீண்டு நீண்டு தெற்குக் கடைசியில் பிரிண்டிசி துறைமுகம் வரை போனது. சாலைக்கே அவர் பெயர்தான். இது ஞாபகம் இருக்கட்டும், பின்னால் தேவைப்படும்.

கொஞ்ச தூரத்தில் இடது பக்கம் இறங்கினால் கஃபரெல்லா பள்ளத்தாக்கு. சத்தியமாக நம்பவில்லை. இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் ஹார்ன் சத்தம், இப்போது இடுப்பளவு புல், செம்மறி ஆட்டு மந்தை, தவளைச் சத்தம். நடுவில் அல்மோனே என்ற ஆறு. ஆறு என்றால் நம்ம ஊர் வாய்க்கால் அகலம்தான். ஆனால் திபேர், அனியேனே இரண்டுக்கும் அடுத்து ரோமின் மூன்றாவது ஆறு இதுதானாம். அந்தக் காலத்தில் வருஷா வருஷம் மார்ச் 27 அன்று சிபெலே என்ற தாய்த் தெய்வத்தின் சிலையை ஊர்வலமாகக் கொண்டுவந்து, இந்த ஆறு திபேரில் கலக்கும் இடத்தில் குளிப்பாட்டுவார்கள். அவ்வளவு புனிதமான ஆற்றை இருபதாம் நூற்றாண்டில் சாக்கடையாக்கி, கடைசிப் பகுதியைப் பூமிக்கடியில் திருப்பி, சுத்திகரிப்பு நிலையத்துக்கு விட்டுவிட்டார்கள். எல்லா ஊரிலும் ஆற்றின் கதை ஒன்றுதான் போல.

பச்சை மட்டும் தப்பியது எப்படி என்று கேட்டேன். 1953-ல் அந்தோனியோ செதெர்னா என்ற பத்திரிகையாளர், அப்பியா ஓரத்தை வளைத்து பங்களா கட்டுகிறவர்களைக் 'கேங்ஸ்டர்கள்' என்றே தலைப்பு வைத்து எழுதினார். பல வருஷச் சண்டை. 1988-ல்தான் பிராந்தியப் பூங்காவாக அறிவித்தார்கள். 2024 ஜூலையில் அப்பியா சாலை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இத்தாலிக்கு அது 60-வது இடம்.

பள்ளத்தாக்கிலிருந்து மேட்டில் ஏறும்போதுதான் மோட்டாரின் அருமை தெரிந்தது. என்னைவிட மூன்று மடங்கு வயசான ஒரு ஜெர்மன் தாத்தா சிரித்துக்கொண்டே என்னை முந்திப் போனார். நான் மோட்டாரை 'சிக்கன' நிலையில் வைத்திருந்தேன். பி.காம். புத்தி, எதிலும் மிச்சம் பிடிப்பது :-)

மேலே வந்தால் எதிரே கோட்டை மாதிரி ஒரு வட்டக் கட்டடம். செசிலியா மெத்தெல்லா என்ற பெண்ணின் கல்லறை. கிட்டத்தட்ட முப்பது மீட்டர் விட்டம், இரண்டாயிரம் வயசு. ரோமானியச் சட்டப்படி ஊர் எல்லைக்குள் யாரையும் புதைக்கவோ எரிக்கவோ கூடாது. அதனால் பணக்காரர்கள் எல்லாரும் ஊருக்கு வெளியே, போகிற வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி, சாலையோரம் கல்லறை கட்டினார்கள். நம்ம பைபாஸ் ரோட்டு ஃப்ளெக்ஸ் போர்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னுடைய பாடத்துக்கு ஏற்ற விஷயமும் இங்கே கிடைத்தது. 1300-களின் தொடக்கத்தில் எட்டாம் போனிஃபாஸ் போப்பின் குடும்பமான கயதானிகள் இந்தக் கல்லறையைக் கோட்டையாக மாற்றி, சாலையில் போகிறவர்களிடம் சுங்கம் வசூலித்தார்களாம். கல்லறையை டோல்கேட் ஆக்கிய ஆட்கள்! செத்துப் போனவளுக்குப் பங்கு ஒன்றும் இல்லை.

அந்தக் கல்லறையில் இன்றும் கல்வெட்டு இருக்கிறது. அதைக் காட்டி வழிகாட்டி சொன்னதுதான் அன்றைக்கு எனக்குள் உட்கார்ந்துவிட்டது. அதில் இருப்பது இவ்வளவுதான்: செசிலியா, இன்னாரின் மகள், கிராசஸின் மனைவி. அவள் என்ன செய்தாள், எப்படி இருந்தாள், ஒரு வார்த்தை கிடையாது.

"இவ்வளவு பெரிய கட்டடம், ஆனால் இவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. வேலைக்காரர்களைப் பற்றி இதைவிட அதிகம் தெரியும்" என்றார். எப்படி? இதே அப்பியா ஓரத்தில் 1726-ல் ஒரு நிலத்தடி மண்டபத்தைத் தோண்டி எடுத்தார்கள். அகஸ்டஸ் பேரரசரின் மனைவி லிவியாவின் வீட்டு அடிமைகள், விடுதலை பெற்ற முன்னாள் அடிமைகள் ஆகியோரின் அஸ்தி வைத்த இடம். சுவர் முழுக்க புறாக்கூடு மாதிரி சின்னச் சின்ன மாடங்கள். மாடத்துக்கு மாடம் பெயர்ப் பலகை, பலவற்றில் பெயரோடு வேலையும். தலை அலங்காரம் செய்தவர். துணிமணிகளைப் பார்த்துக்கொண்டவர். கம்பளியை எடைபோட்டுக் கொடுத்தவர். எண்ணெய் தேய்த்துவிட்டவர்.

அந்த மாடமும் சும்மா கிடைத்துவிடாது. எஜமான் வீட்டு ஆதரவு இல்லாத ஏழைகள் சங்கம் வைத்துச் சீட்டுக் கட்டினார்கள். அப்பியாவுக்குப் பக்கத்தில் லானுவியம் என்ற ஊரில் அப்படி ஒரு சங்கத்தின் விதிகள் கல்வெட்டாகவே கிடைத்திருக்கின்றன. கி.பி. 136. நுழைவுக் கட்டணம் 100 செஸ்டர்ஸ், கூடவே ஒரு ஜாடி நல்ல ஒயின். மாதச் சந்தா 5 ஆஸ். செத்தால் ஈமச்சடங்குக்கு 300 செஸ்டர்ஸ். அடிமைகளும் உறுப்பினராகலாம். எங்க ஊர் மரண சகாய நிதியேதான்! நான் அங்கேயே மொபைலில் கணக்குப் போட்டேன். 4 ஆஸ் ஒரு செஸ்டர்ஸ், அப்போ வருஷத்துக்கு 15 செஸ்டர்ஸ். ஒயினை விட்டுவிட்டால், சேர்ந்து 13 வருஷம் 4 மாசம் வரை கட்டியது வந்தது சரியாகிவிடும். அதற்கு மேல் உயிரோடு இருந்தால் சங்கத்துக்கு லாபம். கட்டியவனுக்கு லாபம் என்னவென்றால், பெயர் தெரியாத பிணமாகப் போக வேண்டாம்.

அதற்குப் பிறகு சாலை முழுக்கப் பெரிய பெரிய கருங்கற்கள். இரண்டரை லட்சம் வருஷத்துக்கும் முன்னால் அல்பன் மலைகளிலிருந்து ஓடிவந்த எரிமலைக் குழம்பு இறுகிய கல். வண்டிச் சக்கரத் தடங்கள் கல்லில் குழிந்து கிடக்கின்றன. மோட்டார் இருந்தும் பல் கிடுகிடுவென்று ஆடியது. கடைசியாக நீர்ப்பாலப் பூங்கா. கி.பி. 38-ல் தொடங்கி 52-ல் முடித்த கிளாடியஸ் நீர்ப்பாலத்தின் வளைவுகள் வயல்வெளியில் வரிசையாக நின்றன. ஏறக்குறைய 69 கி.மீ. தூரத்திலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தது அது. பார்க்க அழகுதான். எனக்கு மனசு அந்தப் புறாக்கூட்டிலேயே நின்றுவிட்டது.

காரணம் சொல்கிறேன். நாகர்கோவிலில் எங்கள் வீடு சித்தி அனுப்பிய பணத்தில் கட்டியது. அஸ்திவாரத்திலிருந்து மொட்டைமாடி டைல்ஸ் வரைக்கும். வாசல் கல்லில் தாத்தா பெயர் இருக்கிறது, அதற்குக் கீழே மாமா பெயர். பத்திரமும் மாமா பெயரில். சித்தி பெயர் எங்கேயும் இல்லை. கணக்கியல் படிக்கிறேன், முதல் போட்டவரின் பெயர் இல்லாத மூலதனக் கணக்கை மூன்று வருஷமாகக் கண்ணால் பார்த்தும் எனக்கு உறைத்ததில்லை. அந்த வாசலில்தான் தினமும் செருப்பைக் கழற்றுகிறேன்.

அன்று மதியம் சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டோல்கேட் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தார். "செத்த பொறவும் அவள வச்சுக் காசு பாத்திருக்கானுவ!" தலை அலங்காரக்காரியைப் பற்றிச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நானும் டெய்லி நோன்னாக்குத் தல வாரிவிடுதேன்லா" என்றார். வீட்டுக் கல்லைப் பற்றி எடுக்க எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடாப்பிடியாக அப்பியாவுக்கே கூட்டிக்கொண்டு போனேன். ஞாயிறுகளில் அங்கே கார்களை விடுவதில்லை. இரண்டு இ-பைக் வாடகைக்கு எடுத்தேன் (வாடகை என் சொந்தக் காசு, ஊரில் டியூஷன் எடுத்துச் சேர்த்தது, பதிவு செய்துகொள்ளவும்). சித்தி பள்ளிக்கூட நாளில் சைக்கிள் விட்டவர்தான். முதல் ஐந்து நிமிஷம் "முட்டு, முட்டு" என்றார். மோட்டார் தள்ள ஆரம்பித்ததும் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார். கல்லறைகளுக்கும் பைன் மரங்களுக்கும் நடுவில், பெல்லை அடித்துக்கொண்டு. போட்டோ எடுக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. செசிலியா மெத்தெல்லா கல்லறை முன்னால் இறங்கி நின்று, அண்ணாந்து பார்த்து, "இது எனக்குத் தெரியாமப் போச்சே மக்களே. பஸ் ஏறினா வந்திரலாமே" என்றார்.

ஊருக்கு வந்ததும் மாமாவிடம் கேட்டேன். வாசல் கல்லில் சித்தி பெயரையும் வெட்டலாம், பத்திரத்தில் பங்கு எழுதலாம் என்று. "பெரியவங்க விஷயத்துல நீ தலையிடாத" என்றார். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் "நீ கேட்டது சரிதான்" என்று மெதுவாகச் சொன்னாள். போனில் சித்தியிடம் சொன்னபோது, "கல்லுல பேரு கெடக்கட்டும், நீ மொதல்ல அந்த காஸ்ட் அக்கவுண்டிங் அரியர முடி" என்று திட்டு.

அரியரை எழுதிவிட்டேன், பாஸ். மாமாவிடம் இன்னும் பேசி முடியவில்லை. விட மாட்டேன்.

இத்தாலிக்கு யாராவது போனால் கொலோசியத்தோடு திரும்பாதீர்கள். ஒரு காலை அப்பியாவுக்கு ஒதுக்குங்கள். அங்கே உங்களுக்குச் சித்தியோ அத்தையோ இருந்தால் ஞாயிற்றுக்கிழமை போங்கள், இரண்டு சைக்கிளாக எடுங்கள்.