ஓதலும் உணர்தலும்

சமயக் கல்வியைப் பற்றி எழுதத் துணியும் ஆசிரியன் தன் நிலையை முதலிற் சொல்லிவிடுதல் நன்று. நான் இசுலாமியன் அல்லேன். ஆயினும், என் தமிழ்ப்பள்ளியில் இசுலாமியப் பிள்ளைகள் அறுவர் பயில்கின்றனர். ஏனையோர் நன்னெறிக் கல்விக்கு அமரும் வேளையில் அவர்கள் நூலகத்தின் ஒரு மூலையில் உஸ்தாஸ் முன்னிலையில் அமர்கின்றனர். அம்மூலையைக் கடந்து செல்லும்போதெல்லாம் என் கால் சற்றே தயங்கும். மார்க்கக் கோட்பாட்டைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. கற்பிக்கும் முறையைப் பற்றிப் பேச ஓரளவு உண்டு. அந்த அளவில் நின்றே இதனை எழுதுகிறேன்.

இசுலாமியக் கல்வியில் சீர்திருத்தம் என்பது நம் நாட்டில் நேற்றுத் தோன்றியதன்று. 1916இல் பினாங்கில் மதரசா அல்-மஷ்ஹூர் தொடங்கப்பெற்றது. மலாக்காவிற் பிறந்த சையிது ஷேக் அல்-ஹாடி பின்னர் அதன் தலைமையாசிரியராக விளங்கினார். மார்க்கக் கல்வியோடு கணிதம், ஆங்கிலம் முதலியனவும் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று வாதிட்டவர் அவர். 'காவும் மூடா' எனப்பட்ட இளைய அணியினர்க்கும் 'காவும் துவா' எனப்பட்ட மூத்த அணியினர்க்கும் அந்நாளில் நிகழ்ந்த சொற்போர் சிறிதன்று. எவற்றையெல்லாம் கற்பிப்பது என்பது அன்றைய வினாக்களுள் முதன்மையானது. எப்படிக் கற்பிப்பது என்ற வினா பிற்காலத்திலேதான் வலுப்பெற்றது.

அவ்வினாவின் அருமை தமிழாசிரியர்க்கு எளிதில் விளங்கும். திண்ணைப் பள்ளியிற் பயின்ற நம் பாட்டன்மார் 'பானா, டானா, இம்மன்னா' என்று கூட்டிச் சொல்லி, அதன் பின்னரே 'படம்' என்று படித்தனர். எழுத்தின் பெயர் வேறு, அதன் ஒலி வேறு என்பதை அறியாத குழந்தை, 'பானா'விலிருந்து 'ப'வுக்கு வந்து சேர எத்தனை நாள் தடுமாறியிருக்கும்! குர்ஆன் ஓதுதலிலும் இதே தடுமாற்றம் இருந்தது. 'பக்தாதி' முறை என வழங்கும் பழைய முறையில், 'அலிஃப் டி அத்தாஸ் அ, அலிஃப் டி பாவா இ, அலிஃப் டி டெப்பான் உ' என்று மலாய்ப் பிள்ளைகள் இராகமிட்டுப் பாடுவர். அலிஃபின் மேற்கோடு அ, கீழ்க்கோடு இ, முன்கோடு உ என்பது அதன் பொருள். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால், பாடத் தெரிந்த பிள்ளை எல்லாம் படிக்கத் தெரிந்த பிள்ளை அன்று.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவைச் சேர்ந்த அசாத் ஹுமாம் என்பார் இம்முடிச்சை அவிழ்த்தார். அவர் தொகுத்த 'இக்ரா' என்னும் ஆறு சிறு நூல்களில், எழுத்தின் பெயரைச் சொல்லிக் கூட்டும் வேலையே இல்லை. குறியிட்ட எழுத்தைக் கண்டவுடன் 'அ, ப' என ஒலித்தல் வேண்டும். எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் படிமுறை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்திற் செல்லலாம். முன்னே சென்ற பிள்ளை பின்னே வரும் பிள்ளைக்குத் துணையிருக்கலாம். 1990களில் அம்முறை நம் நாட்டிற் பரவியது. 2005இல் தொடங்கிய 'ஜே-காஃப்' திட்டமோ தேசியப் பள்ளிகளில் சாவி எழுத்து, குர்ஆன், அரபு மொழி, அடிப்படை மார்க்கக் கடமைகள் ஆகிய நான்கையும் ஒருங்கே எடுத்துக்கொண்டது. பிள்ளை ஓதுவதை ஆசிரியர் தனித்தனியே கேட்டுத் திருத்துதல், தொழுகையைச் செய்து காட்டிப் பழக்குதல் எல்லாம் அதில் இடம்பெற்றன. நாம் பயிற்சிக் கல்லூரியில் மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு வகுப்பறையில் மறந்துபோகும் 'தனியாள் கற்றல்' அங்கே உயிரோடு இருப்பதை எங்கள் நூலக மூலையிலும் காண்கிறேன். முதலாம் ஆண்டுச் சிறுவன் மூன்றாம் நூலில் இருக்கிறான். நான்காம் ஆண்டு மாணவன் இரண்டாம் நூலில் இருக்கிறான். இருவர்க்கும் வெட்கமில்லை.

ஆக, ஓதும் சிக்கல் பெரிதும் தீர்ந்தது. உணரும் சிக்கல் தீர்ந்ததா?

மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, விடுமுறை பற்றிய தமிழ்க் கட்டுரையில், 'நான் முதன்முதலாக முழு நாளும் புவாசா இருந்தேன்' என்று எழுதியிருந்தாள். அழைத்து, "தமிழில் இதற்கு என்னம்மா சொல்?" என்றேன். விழித்தாள். "மாலையில் வீட்டில் என்ன குடிப்பீர்கள்?" என்றேன். "நன்னி காய்ச்சும் நோன்புக் கஞ்சி, சார்!" என்றாள். நோன்பு என்னும் சொல் அவள் நாவில் இருந்தது. ஆனால், அது கஞ்சியின் பெயராக மட்டுமே இருந்தது. அரபு மொழியில் ஓதி, மலாய் மொழியில் விளக்கம் கேட்டு, தமிழிற் சிந்திக்கும் அக்குழந்தைக்கு அம்மூன்றையும் இணைத்துக் காட்டுவார் ஒருவரும் இல்லை. உஸ்தாசைக் குறை கூறுவதற்கில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. நம் ஆசிரியர்க்கோ அது தம் பாடம் அன்று.

தமிழ் முசுலிம்களின் முன்னோர் இச்சிக்கலை அறியாதவர் அல்லர். தமிழைக் குர்ஆனின் எழுத்திலேயே எழுதும் அரபுத் தமிழை அவர்கள் வளர்த்தனர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டனர். குர்ஆன் ஓதக் கற்ற பிள்ளை, வேறோர் எழுத்தைக் கற்காமலே, தொழுகை, நோன்பு பற்றிய விளக்கங்களைத் தாய்மொழியிற் படிக்கலாம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பேரறிஞர்கள் அவ்வெழுத்தில் நூல்கள் செய்தனர். பயிற்றுமுறை என்ற சொல் நம்மிடையே புழங்குவதற்கு முன்னரே நடந்த பயிற்றுமுறைப் புரட்சி அது என்பேன். இன்று அவ்வெழுத்தைப் படிப்போர் மிகச் சிலரே. எழுத்தை மீட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதன் நோக்கத்தை மறக்கலாகாது.

உஸ்தாசிடம் இதனைச் சொன்னபோது அவர் மகிழ்ந்தார். அரபு, மலாய், தமிழ் என மூன்று கட்டங்கள் கொண்ட அட்டை ஒன்றை இருவரும் எழுதத் தொடங்கினோம். தமிழ்ச் சொற்களைத் தேடி நான் அகராதிக்குப் போகவில்லை. பிள்ளைகளையே தத்தம் நன்னியரிடம் அனுப்பினேன். தொழுகை, பள்ளிவாசல், இறைத்தூதர், மறுமை என அவை வந்து நிறைந்தன. ஒரு சொல்லில் மட்டும் இடறினேன். ஜகாத்துக்கு நேராக 'ஏழைவரி' என்று எங்கோ படித்ததை எழுதி வைத்தேன். பள்ளிவாசற் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "வரி அன்று ஐயா, ஏழைக்குரிய பங்கு, அதை ஜகாத் என்றே விட்டுவிடுங்கள்" என்றார். விட்டுவிட்டோம். ஓர் உண்மை அன்று எனக்கு விளங்கியது: பொருள் உணர்த்தல் என்பது எல்லாவற்றையும் மொழிபெயர்த்தல் ஆகாது.

அட்டை பெரிய காரியமன்று. தமிழாசிரியரும் இசுலாமியக் கல்வி ஆசிரியரும் பயிற்சிக் காலத்திலேயே ஒரு வாரமேனும் ஒன்றாக அமர்ந்து பாடம் தயாரித்தால் இதனினும் சிறந்தவை பிறக்கும். ஒருவர் வகுப்பை மற்றவர் பார்ப்பதற்கு எந்தச் சுற்றறிக்கையும் வேண்டியதில்லை.

இதில் எனக்குள்ள கவலை சொற்களைப் பற்றியது மட்டுமன்று. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 50ஆவது பிரிவின்படி, ஐந்தோ அதற்கு மேலோ இசுலாமிய மாணவர் உள்ள பள்ளியில் வாரத்திற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் அவர்களுக்குச் சமயம் கற்பித்தல் வேண்டும். என் அறுவருள் இருவர் ஆறாம் ஆண்டினர். புதிதாகப் பதிந்திருப்பது ஒரு பிள்ளை. வரும் ஆண்டு சரியாக ஐவர். அவருள் ஒருவனின் தந்தை லாரி ஓட்டுநர். மகனைத் தேசியப் பள்ளிக்கு மாற்றலாமா என்று கேட்டு வந்தார். "தமிழ் வேண்டும் சார், ஆனால் ஓதாமல் பிள்ளையை வளர்க்க முடியுமா?" என்றார். அவர் கேட்டது நியாயமே. அவர் பிள்ளை போனால் நால்வர். நால்வர்க்கு ஆசிரியரை அனுப்பச் சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தாது. பிறகு அந்நால்வரும் எத்தனை நாள் இருப்பர்?

அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. வரும் புதன்கிழமை உஸ்தாசின் வகுப்பில் வந்து அமருமாறு அவரை அழைத்திருக்கிறேன்.