பகலில் ஓர் இரவு... மருமகளின் தூக்கத்துக்காக மாமியார் தைத்த ஜன்னல் ஸ்கிரீன்!

காலை 8.40 மணி. ஈரோட்டில் ஒரு மாடி வீடு. நைட் டூட்டி முடிந்து வந்த மருமகள் குளித்துவிட்டு, இரண்டு இட்லியை நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, படுக்கையறைக் கதவைச் சாத்துகிறார். உள்ளே அறை முழுக்க வெயில். கிழக்குப் பார்த்த ஜன்னல். 'நல்ல வெளிச்சம், நல்ல காத்துங்க' என்று சொல்லித்தான் ஹவுஸ் ஓனர் சாவியைக் கொடுத்தார். அந்த நல்ல வெளிச்சம்தான் இப்போது பிரச்னை.

மருமகள், தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். இரவு 8 முதல் காலை 8 வரை டூட்டி. வீட்டுக்கு வந்ததும் துப்பட்டாவைக் கண்ணுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு படுப்பார். 10 மணிக்கு வியர்த்து எழுவார். திரும்பப் படுப்பார். 11 மணிக்கு மறுபடி எழுவார். எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம் தூங்கினால், அன்றைக்கு அதிர்ஷ்டம்.

மாமியாருக்கு இதில் பெரிய அனுதாபம் இருந்ததில்லை. 30 வருஷம் பிளவுஸ் தைத்து மகனைப் படிக்க வைத்தவர் அவர். தீபாவளி சீசனில் விடிய விடிய மெஷின் மிதித்துவிட்டு, காலையில் வாசல் தெளித்துக் கோலமும் போட்டவர். 'பொழுது விடிஞ்சப்புறம் படுத்தா வூடு வெளங்குமா கண்ணு?' என்று மகனிடம் கேட்பார். மருமகளிடம் நேராகக் கேட்டதில்லை. ஆனால் மிக்ஸி, டி.வி சீரியல், பக்கத்து வீட்டு அக்காவுடன் பேச்சு எல்லாம் அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் நடக்கும்.

ஒரு நாள் காலை, கணவரிடம் மருமகள் மெதுவாகச் சொன்னது மாமியார் காதிலும் விழுந்தது.

'ராத்திரி ஒரு ஊசி மருந்து எடுத்தேனுங்க. பாட்டில்ல இருக்கிற பேரை மூணு தடவை படிச்சேன். படிக்கிறேன், மனசுல நிக்கல. பயந்துபோய் இன்னொரு சிஸ்டரைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொன்னேன். தப்பு ஒண்ணும் நடக்கல. ஆனா, என்னைக்காவது நடந்துட்டா? வேலையை விட்டுடலாம்னு தோணுதுங்க.'

மாமியார் அன்றைக்கு மிக்ஸி போடவில்லை. அம்மியில் அரைத்தார்.

கடையில் கிடைக்காத அளவு

மகன் ஜவுளிக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். அன்று மாலையே ரெடிமேட் ஸ்கிரீன் பார்க்கப் போனார். ஜன்னலுக்கு 5 அடி, கதவுக்கு 7 அடி என்று இரண்டு நீளங்களே கண்ணில் பட்டன. இந்த வீட்டு ஜன்னலுக்கோ ஆறு அடிக்குக் கொஞ்சம் குறைவாக வேண்டும். 5 அடி போட்டால் கீழே வெளிச்சம் வரும், 7 அடி போட்டால் ஓர் அடிக்கு மேல் மடித்துத் தைக்க வேண்டும்.

'மடிச்சுத் தைக்கிறதுக்கு முழுசாவே தைச்சுடலாமே' என்று நினைத்தார். சின்ன வயதில் அம்மாவுக்கு ஊக்கு வைத்துத் தந்த பழக்கம், கால் மெஷினை ஓட்டிப் பார்த்த தைரியம்.

திங்கள் இரவு தொடங்கி செவ்வாய்க்கிழமை வரை நடக்கும் ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் துணி வாங்கினார். 54 இன்ச் அகலத்தில் கரும்பச்சை நிறக் காட்டன் துணி நாலரை மீட்டர். பின்பக்கம் வைக்க, வெளிச்சம் ஊடுருவாதபடி பூச்சு கொடுத்த பிளாக்-அவுட் லைனிங். தலைப்புக்கு 4 இன்ச் பக்ரம், பிளாஸ்டிக் ஐலெட் ரிங், 16-ம் நம்பர் ஊசி. எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி வைத்துவிட்டுக் கத்திரியை எடுத்தார்.

'நனைச்சியா?' வாசற்படியிலிருந்து அம்மாவின் குரல்.

நனைக்கவில்லை. காட்டன் துணி முதல் துவைப்பிலேயே சுருங்கும். லைனிங் சிந்தெடிக் என்பதால் சுருங்காது. இரண்டையும் அப்படியே சேர்த்துத் தைத்தால், துவைத்த பிறகு முன் துணி ஏறிக்கொள்ளும், பின் துணி கீழே தொங்கும். துணி அன்று இரவு பக்கெட்டில் ஊறியது. காலையில் கொடியில் காய்ந்தது. அதை இஸ்திரி போட்டது அம்மா.

கணக்கு இதுதான்

பிளவுஸ் தைக்கிற கை ஸ்கிரீனுக்கும் அளவெடுக்காமல் துணியைத் தொடாது. முதலில் ராடை மாட்டச் சொன்னார். ராடு மாட்டிய பிறகுதான் அளவு.

ஜன்னல் 42 இன்ச் அகலம். வெயில் ஓரத்தில் புகாமல் இருக்க, இரண்டு பக்கமும் நான்கு நான்கு இன்ச் தள்ளி 50 இன்ச் ராடு. ரிங் ஸ்கிரீன் அலை அலையாக விழ, ராடைப் போல இரண்டு மடங்கு துணி வேண்டும். 54 இன்ச் துணியில் இரு ஓரங்களையும் ஓர் இன்ச் அகலத்துக்கு இரட்டையாக மடித்தால், பக்கத்துக்கு 2 இன்ச் போய் 50 நிற்கும். இரண்டு திரைக்கும் சேர்த்து 100. கணக்கு அச்சாகப் பொருந்தியது.

உயரத்துக்கு, ராடிலிருந்து ஜன்னலுக்குக் கீழே 8 இன்ச் வரை அளந்தால் 68. ரிங் ராடில் தொங்கும்போது, துணியின் தலைப்பு ராடுக்கு மேலே கிட்டத்தட்ட ஒன்றரை இன்ச் நிற்கும். அதையும் சேர்த்து ரவுண்டாக 70. மேலே பக்ரம் வைத்து மடிக்க நாலரை, கீழே 3 இன்ச் இரட்டை மடிப்புக்கு 6. ஒரு திரைக்கு வெட்ட வேண்டியது எண்பதரை இன்ச்.

லைனிங் எப்போதும் முன் துணியைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். அகலம் 49 இன்ச் வெட்டினால், ஓர மடிப்புக்குள் இரண்டு பக்கமும் சொருகிக்கொள்ளும். கீழே ஓர் இன்ச் ஏறி நின்றால், முன்பக்கம் எட்டிப் பார்க்காது. கீழ் மடிப்பை இரண்டும் தனித்தனியாகத் தைத்துவிட்டுத்தான் ஒன்றோடு ஒன்று சேர்க்க வேண்டும். சேர்த்துத் தைத்தால் சுருக்கம் விழும்.

மகன் லைனிங்கில் குண்டூசி குத்தப் போனார். ஒன்றைக் குத்தி எடுத்ததும் அம்மா துணியை ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினார். குத்திய இடத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி. பூச்சுத் துணியில் ஊசி போன ஓட்டை மூடாது. பிரித்துத் தைத்தாலும் பழைய ஓட்டை அப்படியே இருக்கும். கொடியில் துணிக்குப் போடும் கிளிப்பை எடுத்து வந்து, குண்டூசிக்குப் பதிலாக அதை மாட்டினார்.

'நகரு கண்ணு' என்று மகனை எழுப்பிவிட்டு, அவரே மெஷினில் உட்கார்ந்தார். தையலைக் கொஞ்சம் பெரிதாக வைத்தார். பூச்சுப் பக்கம் மேலே இருந்தால் பிரஷர் ஃபுட்டில் ஒட்டிக்கொண்டு துணி நகரவில்லை. பட்டர் பேப்பரைக் கீற்றாகக் கிழித்து மேலே வைத்து ஓட்டினார், சரசரவென்று போனது. கடைசியில் பேப்பரைக் கிழித்து எடுத்துவிட்டார்.

ஒற்றைப்படை ராசி

ஐலெட் ரிங் அம்மாவுக்கும் புதுசு. அவர் காலத்து ஸ்கிரீன் என்றால் தலைப்பில் ஸ்பிரிங் கம்பி ஓட்டுவது அல்லது நாடா வைத்துத் தைப்பது. ரிங் விஷயத்தில் மகன்தான் விவரம் சொன்னார். இரண்டு பாதியாக இருக்கும். ஓட்டைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வைத்து அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். ஓட்டை ரிங்கின் உள்வட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவும், வெளிவட்டத்தைவிடச் சின்னதாகவும் இருக்க வேண்டும்.

'ஒரு திரைக்கு எட்டு ரிங் போடலாம்மா.'

'எட்டு எதுக்கு? ஏழு போடு. மொய் வைக்கிறதுகூட நூத்தியொண்ணுதான் வைக்கிறோம். ஒத்தப்படைதான் ராசி.'

ஏழு போட்டார்கள். இரண்டு திரைக்கும் சேர்த்து 14 ஓட்டை. ராடில் கோத்து மாட்டியபோது, வீடே சினிமாவில் வரும் ஹோட்டல் அறை போல ஆனது. மருமகள், 'ரொம்ப நல்லாருக்குங்க அத்தை' என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால், நான்கைந்து நாள் கழித்தும் மருமகள் படுக்கப் போகும்போது தோளில் துப்பட்டா இருந்ததை மாமியார் கவனித்தார். கேட்கவில்லை. மருமகளும் சொல்லவில்லை. அத்தை இடுப்பு வலியோடு உட்கார்ந்து தைத்ததில் குறை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அந்த வார ஆஃப் நாளில் மருமகள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். காலை 9 மணிக்கு, மடித்த துணிகளை வைக்க அறைக்குள் போன மாமியார், ஏதோ தோன்றி மருமகளின் தலையணையில் தலை வைத்துப் படுத்தார். கண்ணை மூடினார். மூடிய இமைக்கு மேல் சிவப்பாக வெளிச்சம். கண்ணைத் திறந்தால், இரண்டு திரைகளும் சேரும் நடு இடத்தில், மேலிருந்து கீழ்வரை ஒரு விரல்கடை அகலத்துக்கு வெயில், நேராகத் தலையணையில்.

நடு ஓரங்களைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கோத்துப் பார்த்தார். இப்போது நடுவில் மூடியது, சுவர் ஓரத்தில் திறந்துகொண்டது. ஒரு பழைய செய்தித்தாளை நீளமாகக் கிழித்து, ஏழு இடத்தில் பேனாவால் ஓட்டை போட்டு, துடைப்பக் குச்சியில் கோத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ராடு ஒரு ரிங்கில் உள்ளே போனால் அடுத்ததில் வெளியே வரும். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் திரையின் ஒரு முனை சுவரைப் பார்க்கும், மறுமுனை அறையைப் பார்த்துத் தூக்கிக்கொள்ளும். இரட்டைப்படை என்றால்தான் இரண்டு முனையும் சுவர்ப் பக்கம் ஒட்டி நிற்கும்.

அரை மணி நேரம் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். மகன் சாப்பிட வந்தபோது, 'அந்தப் புள்ள இத்தனை நாளா இப்படித்தான் படுத்திருக்குது. ஒரு வார்த்தை சொல்லல பாரு' என்றார். தப்பு ரிங்கில் மட்டும் இல்லை என்பது மகனுக்கும் புரிந்தது.

பிரிச்சுத் தைக்கலாம்

வெட்டிய ஓட்டையை மூட முடியாது. தலைப்பையே மாற்ற வேண்டும். அதே கரும்பச்சைத் துணிக்கு மகன் அலைந்தார், அந்த நிறம் தீர்ந்துபோயிருந்தது. கடைசியில் மஞ்சளில் அரை மீட்டர் வாங்கி வந்தார்.

ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி 14 ரிங்கையும் கழற்றினார்கள். ஓட்டை விழுந்த 4 இன்ச் தலைப்பை வெட்டி எடுத்தார்கள். மஞ்சள் துணியில் 9 இன்ச் பட்டை இரண்டு வெட்டி, உள்ளே புது பக்ரம் வைத்து, பாதியாக மடித்து, திரையின் வெட்டிய விளிம்பை நடுவில் சொருகித் தைத்தார் மாமியார். 70 இன்ச்சில் அரை இன்ச் மட்டுமே குறைந்தது. தையல் விழுந்த இடம் ஜன்னலுக்கு மேலே சுவர்ப் பகுதியில் வந்ததால், ஊசி ஓட்டை வழியாக வெளிச்சம் வரும் பயமும் இல்லை.

இந்த முறை எட்டு ரிங். இரு ஓரத்திலும் 3 இன்ச் விட்டு, மீதியை ஏழு பாகமாகப் பிரித்தால் ரிங்குக்கு ரிங் சுமார் ஆறேகால் இன்ச். வெட்டும் முன் செய்தித்தாளில் எட்டு ஓட்டை போட்டுக் கோத்துப் பார்த்துவிட்டுத்தான் கத்திரியை வைத்தார்.

மறுநாள் காலை மருமகள் படுக்கப் போனபோது, மாமியார் அறைக்குள் வந்து விளக்கை அணைத்தார். தன் கை தனக்கே மங்கலாகத்தான் தெரிந்தது.

'இதுல தூங்கிருவியா?'

'தூங்கிருவேனுங்க அத்தை.'

'முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?'

மருமகள் பதில் சொல்லவில்லை. மாமியார் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, 'சரி, நானும் கேட்டிருக்கலாம்' என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

வெளிச்சம் கண்ணில் பட்டால், இரவு வந்துவிட்டதாக உடலுக்குச் சொல்லும் மெலடோனின் ஹார்மோன் சுரப்பது குறையும். பகல் - இரவுக்கு ஏற்ப இயங்கும் இந்த உடல் கடிகாரத்தின் சூட்சுமத்தைக் கண்டறிந்ததற்காகத்தான் 2017-ல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மாமியாருக்கு அந்தக் கதையெல்லாம் தெரியாது. மருமகள் அன்று மதியம் இரண்டரை மணிக்கு எழுந்து வந்து, 'பசிக்குதுங்க அத்தை' என்று கேட்டது மட்டும் தெரியும்.

திரை மாட்டியதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. நைட் டூட்டி மாறவில்லை, ரோட்டில் ஹாரன் சத்தம் குறையவில்லை, சில நாள்களில் தூக்கம் வருவதும் இல்லை. ஆனால் வேலையை விடுவது பற்றிய பேச்சு அந்த வீட்டில் அதன் பிறகு எழவில்லை. மிக்ஸி சாயங்காலத்துக்கு மாறிவிட்டது.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா வந்திருந்தார். மருமகள் டூட்டிக்குக் கிளம்பிய பிறகு அறையை எட்டிப் பார்த்தவர், பச்சையும் மஞ்சளுமாகத் தொங்கிய திரையைத் தடவிப் பார்த்தார். மறுநாள் காலை 10 மணிக்கே வாசலில் வந்து நின்றார்.

'ஏனுங்கக்கா, அந்த மஞ்சப் பட்டை வெச்ச மாடல் சூப்பருங்க. எனக்கும் ஒண்ணு அதே மாதிரி தைச்சுக் குடுங்க!'

'அது மாடல் இல்லீங்க, நான் பண்ணின தப்பு' என்றார் மாமியார். பிறகு, உதட்டில் விரலை வைத்து, அவரைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

'மெதுவாப் பேசுங்க. புள்ள தூங்குது.'