வெள்ளவத்தையில் வேலைக்கு நிற்கும் பெண்கள்

ஹவ்லொக் வீதியில் அடுக்குமாடிகள் உயர்ந்து நிற்கும் ஓரிடத்தில் முன்பு வெள்ளவத்தை நூற்பு, நெசவு ஆலை இருந்தது. 1933இல் சம்பளக் குறைப்பை எதிர்த்து அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளரில் பலர் மலையாளிகள். சங்கத் தலைவராக இருந்தவர் கொல்வின் ஆர். டி சில்வா. போராட்டம் தோற்றது. ஆனால் அதில் முன்னின்ற சிலர் 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள்.

அங்கிருந்து காலி வீதிக்கு நடந்தேன். புடவைக்கடைகளில் வடக்கு, கிழக்கு, மலையகப் பிள்ளைகள் நிற்கிறார்கள். வன்னியிலிருந்து வந்த ஒரு தங்கை, போரில் கணவரை இழந்தவர், காலை ஒன்பது முதல் இரவு எட்டுவரை நிற்பதாகச் சொன்னார். "ஈ.பீ.எஃப். இல்லை அக்கா. கேட்டால் நாளைக்கு வரவேண்டாம் எண்டு சொல்லுவினம்."

சகோதரிகளே, 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கடை ஊழியருக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி வேலை. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு சம்பளம். சேமலாப நிதிக்கு நாம் 8 வீதம், முதலாளி 12 வீதம் கட்டவேண்டும். நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் கட்டவேண்டும். இவை சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரியவை.

வேலை செய்த நாளையும் மணியையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். தனியே கேட்கப் பயமா? ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம்.