காய் நகர்த்தும் முன் கொஞ்சம் நடங்க!

உங்க ஹாஸ்டல் ரூமில் செஸ் போர்டு இருக்கா? அதில் ராஜா, ராணி, யானை, குதிரை எல்லாம் உண்டு. ஆனால், அந்தப் போர்க்களத்துக்கு ஊர்ப்பேர் மட்டும் கிடையாது. நிஜமான ஊரையே மேப்பாக்கி, நிஜமாக நடந்த சண்டையை மேஜை மேல் மறுபடி நடத்தினால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவின் அவலான் ஹில் கம்பெனி 1958-ல் அதைத்தான் செய்தது. சார்லஸ் ராபர்ட்ஸ் உருவாக்கிய அந்த கேமின் பெயர் 'கெட்டிஸ்பர்க்'. பென்சில்வேனியா மாநிலத்தில், அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலை 1 முதல் 3 வரை நடந்த சண்டை அது. அட்டைக் காய் ஒவ்வொன்றும் ஒரு படைப்பிரிவு. அதன் மேல் இருக்கிற நம்பர்தான் அதன் பலம். எதிரியை விட நீங்க எத்தனை மடங்கு பலம்னு கணக்குப் போட்டு, பகடையை உருட்டி, அட்டவணையைப் பார்க்கணும். 1961 பதிப்பில் மேப் முழுக்க தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டங்கள் வந்தன. ஏன் தெரியுமா? சதுரத்தில் மூலைவிட்டமாகப் போனால் தூரம் கூடிடும். அறுகோணத்தில் ஆறு பக்கமும் ஒரே தூரம்!

சரி, இப்ப நீங்கதான் தென்மாநிலத் தளபதி ராபர்ட் லீ. மூணாவது நாள் மதியம். எதிரே மேட்டில் எதிரிப்படை. தாக்கலாமா, விடலாமா? 'போட்டுப் பார்ப்போம் மச்சி'ன்னு பகடையை உருட்டுவீங்க. தோத்தா, காயைப் பெட்டியில் போட்டுட்டு டீ குடிக்கப் போயிடலாம்.

என்றைக்காவது அந்த ஊருக்குப் போகிற வாய்ப்பு கிடைத்தால், அதே தாக்குதலை ஒருமுறை நடந்து பாருங்க. போர்க்களத்தின் பெரும்பகுதி இப்போது தேசியப் பூங்கா. லீயின் சிலை நிற்கிற வர்ஜீனியா நினைவுச்சின்னத்தில் கிளம்பினால், எதிர் மேடு சுமார் 1.2 கிலோமீட்டர். பார்க்கத்தான் சமவெளி. நடந்தால் பள்ளம், மேடு. பள்ளத்தில் இறங்கும்போது எதிர் மேடு மறையும். ஏறினால் மறுபடி கண்ணுக்கு நேரே நிற்கும். அன்று இந்த வெட்டவெளியில் சுமார் 12,500 பேர் நடந்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் செத்தோ, காயப்பட்டோ, பிடிபட்டோ போனார்கள். ஒரே ஒரு பகடை உருட்டல்... ஞாபகம் இருக்கா?

மேட்டில் ஏறினதும் சின்னதா ஒரு வெள்ளை வீடு தெரியும். ஆப்ரஹாம் பிரையன் என்ற கறுப்பின விவசாயியின் வீடு. அவர் அடிமை இல்லை, சுதந்திர மனிதர். ஆனாலும் லீயின் படை வருதுன்னு தெரிந்ததும் குடும்பத்தோடு ஓடினார். காரணம், அந்தப் படை வழியில் அகப்பட்ட கறுப்பின மக்களைப் பிடித்து, தெற்கே அடிமைகளாக அனுப்பிக்கொண்டு இருந்தது. தென்மாநிலங்கள் பிரிந்து போனதே அடிமை முறையைக் காப்பாற்றத்தானே! போர் முடிந்து பிரையன் திரும்பினால், வீடு சல்லடை, பயிர் பாழ். ஆயிரம் டாலருக்கு மேல் நஷ்டஈடு கேட்டார். கிடைத்தது 15 டாலர்.

அட்டைக் காயில் பலம் எழுதியிருக்கும். எதுக்காகச் சண்டை போடுறோம்னு எழுதியிருக்காது.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் கெட்டிஸ்பர்க் கல்லூரிப் பக்கமும் போயிட்டு வாங்க. அங்கே இருக்கிற பென்சில்வேனியா ஹால், அன்று காயப்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரி. நம்மை மாதிரி பசங்க பாடம் கேட்ட அறைகளில், நம்ம வயசுப் பசங்க ரத்தத்தோடு கிடந்தார்கள். மூணு நாளில் இரண்டு தரப்பிலும் செத்தவர்கள், காயப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் சேர்த்து சுமார் 51,000 பேர்.

அதுக்காக கேமைத் தூக்கிப் போட வேண்டாம் பாஸ். ஒரு தளபதி ஏன் அப்படி முடிவெடுத்தார்னு அது சொல்லித் தரும். அந்த முடிவுக்கு யார் விலை கொடுத்தாங்கன்னு அந்த மண் சொல்லித் தரும். ரெண்டையும் படிங்க. அடுத்த முறை காயைத் தொடும்போது, கை தானாக ஒரு செகண்ட் நிற்கும். நிற்கட்டும்!