குளிப்பதற்கு மட்டும் தடை

போன கோடையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அமெரிக்காவில், தென் கரோலினா மாநிலத்து கிரீன்வில். போராட்டம், வழக்கு, உண்மையறியும் குழு என்று அலைந்தே பழகியவனுக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. "வாண்ணே, அருவி பாத்துட்டு வரலாம்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை டேபிள் ராக் மாநிலப் பூங்காவுக்குக் கூட்டிப் போனாள்.

கேரிக் ஓடையை ஒட்டிப் போகும் சுற்றுப்பாதை, மொத்தம் மூன்று கிலோமீட்டர் இருக்கும். குற்றாலத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவீர்கள். சின்ன அருவிதான். பாறையில் வழிந்து இடுப்பளவுத் தண்ணீரில் விழுகிறது. கறுப்பினக் குடும்பம் ஒன்றின் பிள்ளைகளும் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் அதில் ஒன்றாகக் கிடந்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நான் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கே போனாலும் அந்த இடத்தின் வரலாற்றைத் தேடிப் படித்துவிட்டுப் போவது என் வழக்கம். 1930களின் பஞ்ச காலத்தில், வேலையில்லாத இளைஞர்களுக்கு அரசு வேலை கொடுத்துக் கட்டிய பூங்கா இது. கட்டியபோது வெள்ளையர்களுக்கு மட்டும். 1961இல் இதே மாநிலத்தின் வேறொரு பூங்காவுக்குள் நுழையப் போன கறுப்பினத்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் வழக்குப் போட்டார்கள். 1963இல் நீதிமன்றம் எல்லோரையும் அனுமதிக்கச் சொன்னது. மாநில அரசு என்ன செய்தது தெரியுமா? பூங்காக்கள் அத்தனையையும் இழுத்து மூடிவிட்டது. மறுவருடம் திறந்தபோதும் நடக்கலாம், சாப்பிடலாம், ஆனால் நீந்தக்கூடாது, குடில்களில் தங்கக்கூடாது. 1966இல்தான் முழுதாகத் திறந்தார்கள்.

சேர்ந்து நடப்பதைப் பொறுத்துக்கொண்டவர்களால் சேர்ந்து நனைவதைப் பொறுக்க முடியவில்லை. இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1927இல் மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்த பிறகு, சாணமும் கோமியமும் ஊற்றித் தீட்டுக் கழித்தவர்களின் நாட்டிலிருந்து வந்தவன் நான். அவ்வளவு தூரம் ஏன்? எங்கள் ஊர் வாய்க்காலில் மதகுக்கு மேலே ஊர்த்தெருக்காரர்கள் குளிப்பார்கள், கீழே நாங்கள். பத்து வயதில் மேல்பக்கம் குதித்துவிட்டேன். அடித்தவர்களைவிட, அவர்கள் காலில் விழுந்த அப்பாவைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

இதையெல்லாம் தங்கை மகனிடம் சொல்லத் தொடங்கும்போது பின்னாலிருந்து தமிழ்க்குரல் கேட்டது. பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளியில் தங்கைக்குப் பழக்கமான குடும்பம். நல்ல மனிதர்கள், முறுக்கு கொடுத்தார்கள். கணவர் என்னைப் பார்த்து, "அண்ணன் எந்த ஊரு?" என்றார். சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. "அட, எங்க மாமனார் ஊருக்குப் பக்கம்! அங்க எந்தத் தெரு?"

தெரு என்று கேட்டால் என்ன கேட்கிறார்கள் என்று நமக்குத் தெரியாதா? தங்கையைப் பார்த்தேன். பன்னிரண்டு வருடமாக அங்கே யாரிடமும் அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைத்தெரு பக்கம்" என்றேன்.

எங்கள் சேரிக்கும் கடைத்தெருவுக்கும் ஒரு கிலோமீட்டர். எத்தனை மேடையில் "சாதியைச் சொல்லக் கூச்சப்படாதே, கூச்சப்பட வேண்டியவன் அவன்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! வெட்கம் பிடுங்கித் தின்றது. சொல்லியிருந்தால், நான் விமானம் ஏறிவிடுவேன், அவள்தான் அங்கே இருக்க வேண்டும். இன்றுவரை எது சரி என்று எனக்குப் பிடிபடவில்லை.

அவர்கள் போனதும் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். கோடையிலும் சில்லென்றிருந்தது. தங்கை பாறைமேலேயே உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டும் வரவில்லை.

திரும்பும் வழியில் காரின் பின்சீட்டிலிருந்து பையன் கேட்டான்: "மாமா, கடைத்தெருவுல நம்ம வீடு எது?"

தங்கை கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். பிறகு, நான் வாயைத் திறக்கும் முன், "நம்ம வீடு அங்க இல்லப்பா. வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்" என்றாள்.